எழுபதாம் கல்யாணமும் ஏழு நட்சத்திர டின்னரும்

வெளிநாட்டில் குப்பை கொட்டும் என் வயசுக்காரர்களுக்கெல்லாம் இப்போது ஒரே சீசன். நமக்கு நாற்பது தாண்டியாச்சு, அப்பா அம்மாவுக்கு எழுபது வந்தாச்சு. பீமரத சாந்தி, ஐம்பதாவது கல்யாண நாள், கொஞ்சம் கொடுத்து வைத்தவர்களுக்கு சதாபிஷேகம் என்று வரிசையாக வருகிறது. ஹோமம், சாஸ்திரிகள், பந்தல் எல்லாம் ஊரில் இருக்கும் தம்பியோ தங்கையோ பார்த்துக்கொள்கிறார்கள். "நீ வந்து நின்னா போதும்" என்று நமக்கு விதிவிலக்கு. அந்தக் குற்ற உணர்ச்சியில் நாம் கையில் எடுப்பதுதான் 'கிராண்ட் டின்னர்'. இருப்பதிலேயே பேர் பெற்ற ஓட்டல், இருப்பதிலேயே பெரிய மேசை, ராத்திரி எட்டரை மணி.

என் கட்சி இதுதான்: அந்த டின்னர் பெரும்பாலும் நமக்காக நாமே வைத்துக்கொள்வது. பெரியவர்களுக்காக என்றால் இடம், நேரம், சாப்பாடு மூன்றுமே மாறிவிடும்.

சித்தூர்க்காரன் என்பதால் எங்கள் பக்கத்து வழக்கத்தை வைத்தே சொல்கிறேன். காலையில் காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, அங்கிருந்து திருப்பதி, மலை ஏறி தரிசனம். அதோடு நிறுத்த மாட்டோம். "ஃப்ளைட் சென்னையில் இருந்துதானே, டின்னரை அங்கேயே வைத்துவிடலாம்" என்று ஒரு புத்திசாலி ஆரம்பிப்பார். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கி.மீ., அங்கிருந்து புத்தூர், நகரி, திருத்தணி வழியாக சென்னை இன்னொரு 140 கி.மீ. மலையிலிருந்து இறங்கின காலோடு எழுபது வயசுக்காரரை நாலு மணி நேரம் காரில் உட்கார வைத்து, பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மெனு கார்டு படிக்கச் சொல்வதற்குப் பெயர் விருந்தா? :-)

300 ரூபாய் தரிசனச் சீட்டில் உள்ளே போகும் நேரம் போட்டிருக்கும். வெளியே வரும் நேரம் போட்டிருக்காது. எட்டரை மணிக்கு மேசை பதிவு செய்துவிட்டு க்யூவில் நின்று வாட்ச்சைப் பார்க்கிறவன் பெருமாளையும் பார்க்க மாட்டான், சாப்பாட்டையும் ரசிக்க மாட்டான். ஆகவே தரிசனமும் விருந்தும் ஒரே நாளில் வேண்டாம். இது முதல் விதி.

இரண்டாவது விதி: ராத்திரி வேண்டாம், மத்தியானம் வையுங்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் ஏழரைக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுக்கிறவர்கள். பெரிய ஓட்டலில் எட்டரைக்கு உட்கார்ந்தால் சூப் வரவே ஒன்பது. நண்பர் ஒருவர் தன் மாமனாருக்கு அப்படி ஒரு பேர் பெற்ற இடத்தில் விருந்து வைத்தார். மெயின் கோர்ஸ் வருவதற்குள் பெரியவர் இரண்டு ரொட்டித் துண்டைத் தின்று பசியாற்றிக்கொண்டு தூங்கிவிட்டார். ஃபோட்டோவில் மட்டும் எல்லாரும் விழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, இலையில் என்ன விழும் என்பது. விசேஷ நாளில் வெங்காயம் பூண்டு சேர்க்காத அத்தை ஒருத்தர் எல்லா வீட்டிலும் உண்டு. பஃபே என்றால் அவர் தயிர் சாதத்தோடு எழுந்துவிடுவார், முழுத் தட்டுக் காசு போகும். முட்டி வலிக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது. இரண்டு நாள் முன்பே ஓட்டலுக்குப் போய் (ஃபோனில் அல்ல, ஆளை அனுப்பி) பேசி, உட்கார்ந்த இடத்தில் பரிமாறச் சொல்லுங்கள். திருப்பதியில் பீமாஸ், மினர்வா தொடங்கி தாஜ் வரைக்கும் எல்லாப் பட்ஜெட்டுக்கும் இடம் இருக்கிறது. சைவச் சாப்பாடு கேட்டால் விநோதமாகப் பார்க்காத ஊர். இதற்காகச் சென்னை போக வேண்டியதில்லை.

இனி என் தொழில் புத்தி. இருபது பேர், தலைக்கு 1,500 என்றால் 30,000 ரூபாய். சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஆக 31,500. அதே சாப்பாட்டை அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஓட்டலுக்குள் சாப்பிட்டால் 18 சதவீதம். அங்கே 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் சேர்த்து அதன்மேல் வரி போட்டால் 38,940. வித்தியாசம் 7,440. சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச் 28-ல் தில்லி உயர்நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எடுக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். அந்தக் காசைப் பரிமாறின பையன் கையில் நேராகக் கொடுங்கள்.

"போதும்டா உன் கணக்கு, வாழ்நாளில் ஒரு தடவையாவது அவங்களுக்கு அந்த அனுபவம் வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கு நேர் எதிரான தப்பும் நம்மிடம் இருக்கிறது. "எங்கம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது, ரசம் சாதம் போதும்" என்று அம்மாவைக் கேட்காமலே முடிவு செய்கிற பிள்ளைகள். ஐம்பது வருஷம் நின்றபடி பரிமாறின கை. ஒருநாள் உட்கார்ந்து, இன்னொருத்தர் பரிமாறி, பேர் தெரியாத ஏதோ ஒரு ஸ்வீட்டை சாப்பிட்டுப் பார்க்க அந்த அம்மாவுக்கும் ஆசை இருக்கும். எளிமை என்ற பேரில் அதைக் கெடுக்க நமக்கு உரிமை கிடையாது.

ஆகவே கேளுங்கள். நேரே கேட்டால் "உன் இஷ்டம்பா" என்றுதான் பதில் வரும். பேத்தியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், உண்மை வரும். ஐந்து நட்சத்திரம்தான் என்று வந்தால் தாராளமாகப் போங்கள், மத்தியானமாகப் போங்கள்.

பேர் பெற்ற ஓட்டல் என்பதும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. நியூயார்க்கின் செம்மா உணவகம் 2022-ல் மிஷலின் நட்சத்திரம் வாங்கியது. அதன் சமையல்காரர் விஜய் குமார் நத்தம் பக்கத்துக்காரர், 2025-ல் ஜேம்ஸ் பியர்ட் விருதும் வாங்கினார். அங்கே மேசை கிடைக்க அமெரிக்கர்கள் தவம் கிடப்பது நத்தைப் பிரட்டலுக்கும் குடல் வறுவலுக்கும். எங்கள் சித்தூர்ப் பக்கத்து ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும் நாளைக்கு நட்சத்திரம் வாங்கலாம். நட்சத்திரம் சமையலுக்கு. நம் விருந்துக்கு அதைவிட முக்கியம் உட்காருகிற நாற்காலியும் மணியும்.

திருமலையில் 1985-ல் என்.டி.ராமராவ் தொடங்கி வைத்த அன்னதானத்தைப் பாருங்கள். 2011-ல் திறந்த வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கட்டடத்தில் ஒரே சமயத்தில் சுமார் 4,000 பேர் சாப்பிடலாம். 2025 மார்ச்சில் முதல்வர் சந்திரபாபு நாயுடு குடும்பம் பேரன் பிறந்தநாளுக்கு அங்கே ஒருநாள் செலவாக 44 லட்சம் கொடுத்தது. அது நம்மால் ஆகாது. ஆனால் ஓட்டலில் மிச்சமான 7,440-ஐ அப்பா பேரில் அந்த டிரஸ்டுக்குக் கட்டலாம். ரசீதை அவர் பீரோவில் பத்திரமாக வைத்துக்கொள்வார், ஃபோட்டோ ஆல்பத்தை விடப் பத்திரமாக.

கடைசியாக ஒரு கணக்கு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறோம். அப்பாவுக்கு எழுபது. எண்பது வரை என்று வைத்தாலும் இன்னும் ஐந்து தடவை. அந்த ஐந்திலும் அண்ணன், தங்கை, பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைப்பது ஒன்றிலோ இரண்டிலோதான். இருபது வருஷத்து வீட்டுக் கடனுக்குத் தவணை போட்டுப் பார்க்கிற நாம் இந்தக் கணக்கை மட்டும் போடுவதே இல்லை.

ஓட்டலைப் பதிவு செய்யும் முன் அதைப் போட்டுப் பாருங்கள்.

பி.கு: வயசானவர்கள் பெயரைக் கேக்கில் எழுதி மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கச் சொல்லாதீர்கள். விளக்கை அணைப்பது எங்கள் பக்கம் அபசகுனம். அப்பா உங்களுக்காக ஊதுவார், அம்மா ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார்.