போர்வையும் பொன்னாடையும்



நாகூருக்கு ஒருமுறையேனும் சென்று வராத தமிழ் முஸ்லிம் குடும்பத்தைக் காண்பது அரிது. ஸியாரத்துக்குச் செல்பவர்கள் ஒருபுறமிருக்க, அதை ஏற்காதவர்களும் அவ்வூரைப் பற்றி ஓர் அபிப்பிராயமேனும் வைத்திருப்பார்கள். அங்கே அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது பாதுஷா நாயகம் (ரஹ்) அவர்கள் வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்தவர்கள். இளமையிலேயே ஞானாசிரியரைத் தேடிப் புறப்பட்டு, குவாலியர் நகரை அடைந்து, அங்கே முஹம்மது கௌது (ரஹ்) அவர்களிடம் பயின்ற பின்னரே பல நாடுகளையும் கடந்து தென்னகம் வந்தார்கள் என்று அவர்களுடைய வரலாறு கூறும்.

அந்த ஆசிரியரின் அடக்கத்தலம் இன்றும் குவாலியரில் ஹஜீரா என்னும் பகுதியில் இருக்கின்றது. அதே வளாகத்தில் வேறொருவரும் அடங்கியிருக்கிறார். அவரும் முஹம்மது கௌது அவர்களின் அன்புக்குரியவராக விளங்கியவர் என்பது அவ்வூர் வழக்கு. ஆனால் அவர் இறைநேசர் அல்லர், பாடகர். மியான் தான்ஸேன் என்பது அவர் பெயர். அவருடைய நினைவைப் போற்றி ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் அவ்வளாகத்தில், திறந்த வானத்தின் கீழ் நடைபெறும் இசையரங்கைப் பற்றியே இத்திங்கள் உங்களுடன் பேச விழைகின்றேன்.

இசை ஆகுமா, ஆகாதா என்னும் வழக்கை இப்பக்கத்தில் எடுத்துத் தீர்க்க நான் முற்படவில்லை. என்னினும் கற்றறிந்த பெரியோர்கள் பல நூற்றாண்டுகளாக அதில் இருசாராராக நின்றிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஓர் ஊர் தன்னிடையே வாழ்ந்த ஒரு கலைஞனுக்கு எவ்வாறு நன்றி செலுத்துகிறது என்பதையே.

தான்ஸேன் குவாலியரை அடுத்த பேஹட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ரேவா அரசர் இராமச்சந்திரரின் அவையில் பாடிப் புகழ் பெற்று, 1562-ஆம் ஆண்டு அக்பர் பாதுஷாவின் அவைக்கு அழைக்கப்பட்டார். அவர் பாடியதால் விளக்குகள் தாமே எரிந்தன, மழை பொழிந்தது என்றெல்லாம் வழங்கும் கதைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவற்றைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம், தடையில்லை. அவர் இஸ்லாத்தைத் தழுவினாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அக்காலத்தில் உடனிருந்தே எழுதிய அபுல் பஸலின் சாட்சியம் கதையன்று. ஆயினே அக்பரியில் அரண்மனைக் கலைஞர்களின் பட்டியலைத் தரும் அவர், தான்ஸேனை முதலாவதாக வைத்து, ஆயிரம் ஆண்டுகளாக இந்நாட்டில் இவரைப் போன்ற பாடகர் தோன்றியதில்லை என்னும் பொருள்பட எழுதுகிறார். அப்பட்டியலில் குவாலியர்க்காரர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள். அந்த மண்ணின் வளம் அப்படி!

1589-ஆம் ஆண்டு ஏப்ரலில் தான்ஸேன் காலமானார். அப்போது பாதுஷா பிறப்பித்த ஆணை ஒன்றை அக்பர் நாமா பதிவு செய்திருக்கின்றது. அரண்மனைப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் அனைவரும் சடலத்தோடு கபுரடி வரை செல்ல வேண்டும், திருமண ஊர்வலத்தில் இசைப்பது போல வழியெல்லாம் இசைத்துக்கொண்டே செல்ல வேண்டும் என்பதே அவ்வாணை. ஜனாஸாவுக்கு இது முறையா என்று கேட்கும் உங்கள் உள்ளம் எனக்குப் புரிகின்றது. மார்க்கச் சட்டம் வேறு, மன்னனின் துயரம் வேறு. ஆயினும் சிந்தித்துப் பாருங்கள். தான்ஸேனுக்காக நிகழ்ந்த முதல் திறந்தவெளி இசையஞ்சலி அந்த ஊர்வலமேயாகும். மண்டபத்திலும் அரண்மனைக் கூடத்திலும் அமர்ந்து பாடியவருக்கு இறுதி மரியாதை தெருவிலே, வெயிலிலே, ஊரார் அனைவரும் காணக் கிடைத்தது.

இன்றைய விழாவின் தொடக்கம் 1924-ஆம் ஆண்டு. சிந்தியா மன்னர் மாதவராவின் காலத்தில் குவாலியர் சமஸ்தானம் இதனைத் தான்ஸேனின் 'உருஸ்' என்னும் பெயராலேயே தொடங்கிற்று. ஓர் இந்து மன்னரின் அரசு, ஒரு பாடகருக்கு, ஒரு சூபியின் அடக்கத்தலத்தில் உருஸ் எடுத்தது! இன்று மத்தியப் பிரதேச அரசின் கலைத்துறை நடத்தும் 'தான்ஸேன் சமாரோஹ்' அதன் தொடர்ச்சியாகும்.

அவ்விடத்தின் அமைப்பைச் சற்றே மனக்கண்ணால் காணுங்கள். முஹம்மது கௌது அவர்களின் ரவ்ழா பெரியது. சதுர வடிவினது, நடுவே அகன்ற குவிமாடம், மூலைகளில் அறுகோணக் கோபுரங்கள், சுற்றிலும் கல்லைத் துளைத்து நெய்தாற் போன்ற பலகணிகள். கல்லிலே பின்னல் வேலை செய்தவர்கள் யாரோ! அதன் பக்கத்தில் உயர்ந்த மேடை மீது தூண்கள் தாங்கிய ஒரு சிறு மண்டபம் நிற்கின்றது. அதுவே தான்ஸேனின் அடக்கத்தலம். அதற்குச் சுவர் கிடையாது. நான்கு புறமும் காற்று நுழைந்து வெளியேறும்.

விழா நாளன்று காலையில் அங்கே முதலில் ஷெனாய் ஒலிக்கும். பின்னர் ஹரிகதை நடைபெறும். அதனைத் தொடர்ந்து மவ்லவி ஒருவர் மீலாது ஓதுவார். அதன் பின்னர் கபுரின் மீது போர்வை போர்த்தப்படும். மாலையில் அரங்கு தொடங்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. அடுத்த நாட்களில் காலையும் மாலையும் அமர்வுகள் உண்டு. மேடையேறும் கலைஞர் துருபத் பாடுவார், கியால் பாடுவார், ஸரோதோ ஸிதாரோ வாசிப்பார். வடநாட்டு டிசம்பர்க் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு ஊர் மக்கள் கேட்பார்கள்.

ஹரிகதையும் மீலாதும் அடுத்தடுத்து நடைபெறும் அந்தக் காலை வேளையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இதனை யாரும் ஒற்றுமை மாநாடு என்று விளம்பரம் செய்து கூட்டவில்லை. இவ்வளவு நேரம் உங்களுக்கு, இவ்வளவு நேரம் எங்களுக்கு என்று பேரம் பேசிப் பிரித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. இறந்தவர் இரு சாராருக்கும் உரியவர், ஆகவே இரு சாராரும் தத்தம் முறையில் ஓதுகின்றனர், அவ்வளவே. அயலாரின் பெயரைக் கேட்டவுடன் முகத்தை வேறுபுறம் திருப்பக் கற்றுக்கொடுக்கப்படும் இக்காலத்தில் அந்தக் காலைப்பொழுது எத்தனை பெரிய செல்வம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகின்றேன். அந்த விழாவில் மறைந்தவருக்குப் போர்வை மட்டுமல்ல, வாழும் முதியவருக்குப் பொன்னாடையும் உண்டு. 1980 முதல் மத்தியப் பிரதேச அரசு தான்ஸேன் பெயரால் விருது ஒன்றை ஏற்படுத்தி, மூத்த இசைவாணர்களுக்கு வழங்கி வருகிறது. அதனை முதலில் பெற்றவர்களுள் ஒருவர் குவாலியரிலேயே பிறந்து, குவாலியரிலேயே வாழ்ந்த கிருஷ்ணராவ் சங்கர் பண்டிட். 1893-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது எண்பதைக் கடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 1914-இலேயே தம் தந்தையின் பெயரால் அந்நகரில் ஓர் இசைப்பள்ளியை நிறுவித் தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கியவர். 1989-இல், 96-ஆம் வயதில் காலமானார். கேட்கும் காதும் பெருமிதப்படும் உள்ளமும் உள்ளபோதே, அவருக்குரிய மரியாதை சொந்த ஊர்ப் பெயரோடு வந்து சேர்ந்தது.

அவருக்கு அக்கலை வந்த வழி இன்னும் சுவையானது. அவருடைய தந்தையார் சங்கரராவ் பண்டிட், குவாலியர் அரண்மனைப் பாடகர்களான ஹத்தூ கான், நத்தூ கான் ஆகியோரிடமும், அவர்கள் வழிவந்த நிஸார் ஹுஸைன் கானிடமும் பயின்றவர். அரண்மனை ஆதரவு நின்று போனபோது நிஸார் ஹுஸைன் கான் தஞ்சம் புகுந்தது தம் மாணவராகிய அந்தப் பிராமணரின் இல்லத்தில்தான். ஆசிரியர் ஒரு முஸ்லிம், அடைக்கலம் தந்த வீடு ஆசாரம் மிக்க மராட்டியப் பிராமணர் வீடு. அடுப்படியிலும் பந்தியிலும் எத்தனை வழக்கங்கள் இடித்திருக்கும்! ஆயினும் உஸ்தாத் அங்கேயே வாழ்ந்தார். வீட்டுப் பிள்ளையாகிய கிருஷ்ணராவ் அவரிடமும் பயின்றார். அந்தச் சிறுவனே பிற்காலத்தில் தான்ஸேனின் பெயரால் பொன்னாடை பெற்ற முதியவர்.

எங்கள் மத்ரஸாவில் பிள்ளைகள் ஓதக் கற்கும் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. எழுத்தின் ஒலி ஏட்டிலிருந்து வருவதில்லை, உஸ்தாதின் நாவிலிருந்து வருகிறது. அவர் எவரிடம் ஓதினார், அவருடைய உஸ்தாத் எவரிடம் ஓதினார் என்று ஸனதைச் சொல்லிக்கொண்டே போகலாம். இறைமறையையும் இராகத்தையும் ஒப்பிடுகிறேன் என்று எவரும் கோபம் கொள்ள வேண்டாம், கற்கும் முறையை மட்டுமே சொல்கின்றேன். வாயிலிருந்து செவிக்கு வரும் கல்வியில், முதியவர் ஒருவரை நாம் மதிக்காமல் விட்டால் இழப்பு அவருக்கன்று. அவரோடு ஒரு சங்கிலியின் கண்ணியே மண்ணுக்குள் போய்விடுகின்றது.

குவாலியரின் மற்றொரு முதியவர் ஸரோத் மேதை ஹாபிஸ் அலி கான். 1960-இல் பத்மபூஷண் விருது பெற்ற சமயத்தில் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத், தங்களுக்கு என்ன உதவி தேவை என்று கேட்டாராம். வீடும் நிலமும் கேட்பார் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவரோ, தர்பாரி இராகத்தின் தூய்மையைச் சிலர் கெடுத்து வருகிறார்கள், அதனைக் காக்கத் தாங்கள் ஏதேனும் செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அவருடைய மகன் அம்ஜத் அலி கான் கூறிவரும் நிகழ்ச்சி இது. தர்பாரி கானடா, தான்ஸேன் ஆக்கியதாகக் கருதப்படும் இராகம். நான்கு நூற்றாண்டுக்கு முன் மறைந்த தம் ஊர்க்காரரின் சொத்துக்காக அவர் குடியரசுத் தலைவரிடம் வழக்காடினார் என்றே நான் கொள்கின்றேன்.

2023-இல் ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் குவாலியரை இசை நகரங்களுள் ஒன்றாக அறிவித்தது. (நம் சென்னைக்கு அப்பெருமை 2017-இலேயே வந்துவிட்டது.) 2024 டிசம்பரில் நடைபெற்றது நூறாவது விழா. அதனையொட்டி 500-க்கும் மேற்பட்ட கலைஞர்கள் ஒருசேர வாத்தியங்களை இசைத்து உலக சாதனை படைத்தனர். அரசு நடத்தும் விழாவில் இத்தகைய பேரெண்ணிக்கைக்கு ஓர் இடம் இருக்கத்தான் செய்யும். எனக்கு அதில் அத்தனை ஈடுபாடில்லை. ஐந்நூறு பேரின் வாத்தியத்தைவிட, ஒரு முதியவரின் தோளில் சொந்த ஊரார் போர்த்தும் ஒரு சால்வை என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகின்றது.

நம் கடற்கரை ஊர்களை நினைத்துக்கொண்டே இதனை எழுதுகிறேன். திருமண ஊர்வலத்தில் பைத்து ஓதி, மீலாது மேடையில் பாடி, தெருத்தெருவாகத் தப்ஸ் அடித்து, ஐம்பது ஆண்டுகள் நம் மகிழ்ச்சிகளுக்குக் குரல் கொடுத்தவர்கள் ஊருக்கு இருவர் மூவர் இன்னும் இருக்கிறார்கள். 2015-இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஹனீபா அவர்களுக்கேனும் வாழ்நாளிலேயே நாடறிந்த புகழ் கிட்டிற்று. அவருக்குப் பின்னால் அமர்ந்து பக்கவாத்தியம் வாசித்தவர்களின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் வட்டாரத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் பைத்து ஓதாத கல்யாணம் கல்யாணமாகாது என்பார்கள். கடைசி நாட்களில் கண்பார்வை மங்கித் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் மவுத்தான மறுநாள் சுவரெல்லாம் இரங்கல் சுவரொட்டிகள். அவற்றை அச்சிட்ட செலவில் ஒரு மேடை போட்டு, அவரை நாற்காலியில் அமர்த்தி, அவர் ஓதிய பைத்துகளை அவருடைய மாணவர்களை விட்டு ஒருமுறை அவர் முன்னிலையிலேயே ஓதச் செய்திருக்கலாம். திடலுக்கா பஞ்சம்? மீலாது மேடைக்கு வாடகை நாற்காலி போடத் தெரிந்த நமக்கு இதுவும் தெரியாததன்று. கிருஷ்ணராவுக்குக் குவாலியர் செய்ததும் இதைத்தான், சற்றுப் பெரிய அளவில்.

குவாலியர் விழாவின் ஓர் அமர்வு நகரைவிட்டு வெளியே, தான்ஸேன் பிறந்த பேஹட்டிலேயே நடத்தப்படுகின்றது. பெரிய கலைஞர்கள் அச்சிற்றூருக்குச் சென்று, கிராமத்தார் முன்னிலையில் பாடிவிட்டு வருகிறார்கள். அண்மை ஆண்டுகளில் நிறைவு அமர்வு கோட்டை அடிவாரத்துக் குஜரி மஹாலில் நடைபெறுகின்றது. துருபத் இசையை வளர்த்த அரசர் மான்சிங் தோமர் கட்டிய மாளிகை அது. தான்ஸேனின் கபுரருகே ஒரு புளியமரமும் உண்டு. அதன் இலையை மென்றால் குரல் இனிக்கும் என்பது பாடகர்களின் நம்பிக்கை. நம்பிக்கை மிகுந்து மிகுந்து பழைய மரம் பட்டுப்போயிற்று. இப்போதிருப்பது பின்னர் வந்த மரம். அதனையும் விட்டபாடில்லை என்று கேள்வி.

வடநாட்டுப் பயணம் செல்லும் வாசகர்கள் தில்லியையும் ஆக்ராவையும் அஜ்மீரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து தில்லி செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் குவாலியரில் நிற்கின்றது. டிசம்பரில் செல்வதானால் கம்பளி இரண்டாக எடுத்துச் செல்லுங்கள். நாகூர் நாயகத்தின் ஆசிரியரை ஸியாரத் செய்துவிட்டு வெளியே வந்தால், பக்கத்துத் திடலில் யாரேனும் ஒரு முதியவர் தம்பூராவைச் சுருதி கூட்டிக்கொண்டிருப்பார்.