காரைக்குப் போன பிள்ளைகளுக்கு, கொஞ்சம் கோபத்தோடு



காரை மண்மேட்டிலிருந்து ஒரு பை ஜிப்சம் அள்ளி வந்து படம் போட்டிருந்தீர்கள். நான் லைக் போடவில்லை.

அந்தக் களிமண் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடிச் சேறு. அதில் கண்ணாடித் தகடாய் மின்னும் ஜிப்சம், நகத்தால் கீறினாலே கோடு விழும். நாட்டு மருந்துக்கடையில் கற்பூரச் சிலாசத்து. நான் ஆயுசெல்லாம் பிடித்த சாக்பீஸும் அதன் வழிதான். பக்கத்தில் தோட்டா போலக் கிடப்பவை பெலம்னைட், கணவாய்க்கு உறவான பிராணியின் உள்ளோடு. எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அது சான்று. உங்கள் ஷோகேஸில் அது வெறும் கல்.

“சிமெண்டுக்கு ஊரையே தோண்டுகிறார்கள், நாலு கல்லுக்கா கோபம் மாமா?” என்கிறார் மருமகன். அந்தக் குழிகளை நான் மெச்சவில்லை. ஆனால் அங்கே சுண்ணாம்புக்கல் எடுக்கக் குத்தகை உண்டு, எல்லை உண்டு. உங்கள் பைக்கு எது எல்லை, மாப்பிள்ளை?

நானும் யோக்கியன் இல்லை. மாணவர்களைக் கூட்டிப்போய் அள்ளவிட்டவன்தான். எங்கே எடுத்தது என்று ஒரு சீட்டுகூட எழுதி ஒட்டவில்லை. பள்ளிக்கு வெள்ளையடித்தபோது எல்லாம் குப்பைக்குப் போயிற்று.

சாத்தனூர்க் கல்மரம் 18 மீட்டர். கிடந்த இடத்திலேயே வேலி போட்டுக் காத்ததால்தான் இன்றும் பார்க்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் கைபேசியோடு போங்கள். பை வீட்டிலேயே இருக்கட்டும்.