ஒத்திப் பத்திரத்தோடு வாருங்கள்

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டும் அண்ணன்மாரே, ராஜபாளையம் மில்களில் நைட் ஷிப்ட் பார்க்கும் தம்பி தங்கைகளே, திருவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்பின் அனலில் நிற்பவர்களே!

இப்போதே எழுந்து பீரோவைத் திறவுங்கள். சேலைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் கவருக்குள் உங்கள் ஒத்திப் பத்திரம் இருக்கும். அதில் சார்பதிவாளர் அலுவலக முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

என் பத்திரத்தில் இல்லை. தார் சுற்றியும் தறி பார்த்தும் நாற்பது வருஷம் இந்த ஊர்களுக்குள்ளேயே வீடு மாறி மாறி வாழ்ந்தவள் நான். கடைசி வீட்டை 3 லட்சத்துக்கு ஒத்திக்குப் பிடித்தோம். தாலிச் சங்கிலி, சீட்டுப் பணம், மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்தது, எல்லாம் அதற்குள் போயிற்று. வாடகை மிச்சம், மூன்று வருஷத்தில் முழுப் பணமும் கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை.

ஒரு நாள் காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பசைகூடக் காயவில்லை. முழுக்க இங்கிலீஷ். எதிர்வீட்டுக் காலேஜ் பிள்ளைதான் வாசித்துச் சொன்னாள். வீட்டுக்காரர் எங்களுக்கு ஒத்தி எழுதிக் கொடுப்பதற்கு முன்பே வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார், 60 நாளில் கட்டாவிட்டால் வீடு வங்கிக்குப் போய்விடும் என்று. 3 லட்சம் கொடுத்துக் குடியிருந்த எங்கள் பெயர் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை.

நாங்கள் வெளியேறிய அன்று தெருவே வந்தது. அரிசி டிரம் ஒரு வீட்டில், கட்டில் இன்னொரு வீட்டில், ஆடு இரண்டும் மூன்றாம் வீட்டுத் திண்ணையில். ராத்திரி சோறு எங்கிருந்தோ வந்தது. அந்த அன்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அன்று ராத்திரி முழுக்க ஒரே யோசனை. சாமான் சுமக்க வந்த இத்தனை கைகளில் ஒன்று, நான் பணம் எண்ணிக் கொடுத்த நாளில் பக்கத்தில் இருந்திருந்தால்?

நான்தான் யாரையும் கூப்பிடவில்லை. நீங்களும் கூப்பிடுவதில்லை. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை நம் வளவுக்குள் எல்லோருக்கும் தெரியும். ஒத்திக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை மட்டும் மூடி வைப்போம். கண் பட்டுவிடுமாம், கடன் கேட்டுவிடுவார்களாம். இந்த மௌனத்தை இன்றோடு விடுவோம்.

சட்டம் சொல்வதைக் கேளுங்கள். ஒத்தி என்பது அடமானம். 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஒத்தியைப் பதிவு செய்யவேண்டும், இரண்டு சாட்சி வேண்டும் என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. பதியாத ஒத்தி சட்டத்தின் கண்ணில் ஒத்தியே இல்லை, வெறும் கைமாற்று. அந்தக் காகிதத்தை நம்பி வீட்டின் மேல் உரிமை கேட்க முடியாது. நீங்கள் முதலில் பதிந்திருந்தால், பிறகு வரும் வங்கி உங்கள் உரிமைக்குக் கட்டுப்பட்டுத்தான் வரவேண்டும். வங்கி முந்திவிட்டால், 2002-ஆம் வருஷத்துச் சர்ஃபாசி சட்டத்தின்படி கோர்ட்டு வாசல் மிதிக்காமலே அது வீட்டைக் கையகப்படுத்தலாம். பதிவுச் செலவுக்குப் பயந்து நாம் மிச்சம் பிடிப்பது ஆயிரங்கள். போவது லட்சங்கள்.

தென்கொரியாவிலும் நம் ஒத்தி மாதிரியே ஒரு முறை உண்டு. ஜொன்சே என்பார்கள். மொத்தப் பணத்தை முன்னால் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது திரும்ப வாங்குவது. இஞ்சோன் நகரத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இப்படிப் பணத்தை இழந்தன. 2023-இல் சில இளைஞர்கள் உயிரையே விட்டார்கள். மற்றவர்கள் வீட்டுக்குள் அழுதுகொண்டு இருக்கவில்லை. ஒன்று திரண்டு தெருவுக்கு வந்தார்கள். அந்த வருஷம் மே மாதமே பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனிச் சட்டம் நிறைவேறியது. கடல் தாண்டியிருக்கும் அவர்களால் முடிந்தது, ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் நம்மால் முடியாதா?

நம் ராஜபாளையத்தில், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா தன் வீட்டையே பொதுமக்களுக்குக் கொடுத்தார். அதுதான் நம் காந்தி கலை மன்றம். அந்த ஊரில் நாம் யாரிடமும் வீட்டைத் தானமாகக் கேட்கவில்லை. உழைத்துச் சேர்த்த பணம் பத்திரமாகத் திரும்ப வரவேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஆடி. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டோம். ஆவணி பிறந்ததும் பணம் கைமாறத் தொடங்கிவிடும். அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு நம் வளவு வேப்பமரத்தடிக்கு வாருங்கள். ஒத்திக்கு இருப்பவர்கள் பத்திரத்தைக் கொண்டுவாருங்கள். புது வீடு பார்த்திருப்பவர்கள் அந்த வீட்டின் சர்வே எண்ணைக் கேட்டு வாருங்கள். வில்லங்கச் சான்றைப் பிள்ளைகள் செல்போனிலேயே எடுத்துத் தருவார்கள். மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்லி வீட்டுக்காரரிடம் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், நாலு பேர் சேர்ந்து போவோம். ஜெராக்ஸைக் காட்டினால் மூலம் எங்கே என்று கேட்போம். பதிவுக்குச் சம்மதிக்காத வீட்டுக்கு நம் தெருவிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது. வாடகைக்கு இருப்பவர்களும் வாருங்கள். 2019 பிப்ரவரியிலிருந்து எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி விரட்டச் சட்டத்தில் இடமில்லை.

கையெழுத்துப் போடத் தெரியாத அக்காமாரை அவரவர் பக்கத்து வீட்டார் கூட்டி வாருங்கள். என் பழைய பத்திரத்தோடு நான் 9 மணிக்கே அங்கே இருப்பேன்.