ராத்தங்க ஓர் இடம்: சுருளிப்பட்டி மடத்தைத் திறக்கக் கைகொடுங்கள்



கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டியில் பூட்டிக் கிடக்கிற பழைய தங்கல் மடத்தைப் பழுதுபார்த்து, இளைஞர்களும் மகளிர் குழுக்களும் விவசாயிகளும் வந்து தங்கிப் பயிற்சி பெறுகிற இடமாக மறுபடி திறக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சிலர் கிளம்பியிருக்கிறோம். எந்தக் கட்சியின் சார்பிலும் எந்தச் சாதிச் சங்கத்தின் சார்பிலும் இதை எழுதவில்லை. திராட்சைத் தோட்டக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், கொத்தனார், மகளிர் குழுத் தலைவி, காலேஜ் படிக்கிற பிள்ளைகள் என்று கலந்த கூட்டம் எங்களுடையது. எங்களால் மட்டும் முடிகிற காரியம் இல்லை என்பதால்தான் உங்களிடம் வருகிறோம்.

இந்த மாதிரி மடங்கள் எதற்குக் கட்டப்பட்டன என்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சுருளி அருவியில் முழுகி, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டம் இன்றைக்கும் குறையவில்லை. பஸ் வராத காலத்தில் அவர்கள் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்து, ராத்திரி தங்கி, விடியக்கருக்கலில் அருவிக்குப் போனார்கள். இப்போது வேனில் வந்து மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். தங்க ஆள் இல்லாமல் போனதும் கட்டடத்துக்குப் பூட்டு விழுந்தது. பிறகு வழக்கம்போல உரச் சாக்கு, பந்தலில் கழற்றிய துருப்பிடித்த கம்பி, திருவிழா சீரியல் செட்டு என்று ஊரில் போட இடமில்லாததெல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்தது.

'இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டினால் ஊருக்கு வருமானம் வருமே' என்று நல்ல எண்ணத்தோடு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பத்திலிருந்து கூடலூர் வரை ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள், மண்டபத்துக்குப் பஞ்சமே இல்லை. நாலு பேர் கூடி நாலு நாள் தங்கிப் படிக்க, பேச, ஒத்திகை பார்க்க ஓர் இடம் கேட்டால்தான் கையை விரிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வேண்டுகோளின் சாரமே இந்த ராத்தங்கல்தான். பகலில் கூடுவதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, சமுதாயக் கூடம் இருக்கிறது, மரத்தடி இருக்கிறது. ராத்திரிக்குத்தான் இடமில்லை. மகளிர் குழுப் பயிற்சி என்றால் மூன்று மணிக்கே பெண்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள், பஸ்ஸை விட்டால் ஆட்டோவுக்குக் கூலி கொடுத்து மாளாது. காலேஜ்களின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஏழு நாள் நடக்கிறது. பிள்ளைகள் வகுப்பறை பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் படுக்கிறார்கள், பெண்பிள்ளைகளில் பலரை வீட்டிலேயே அனுப்ப மறுத்துவிடுகிறார்கள். குரூப் 4-க்கும் போலீஸ் தேர்வுக்கும் படிக்கிற பையன்கள் கோயில் விளக்கடியில் உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஏலத் தோட்ட வேலைக்குப் போகிற குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலைக்குப் போனால், திரும்பி வர இருட்டிவிடுகிறது. பறிப்புக் காலத்தில் சிலர் அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. அந்த நாட்களில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளை யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கும்?

திராட்சைக்காரர்களுக்கும் இதில் சொந்தத் தேவை இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுக்கக் காய்க்கிற திராட்சையை வேறு எங்கே பார்க்க முடியும் என்று வெளி மாவட்ட விவசாயிகள் வருகிறார்கள். கவாத்து வெட்டுவதை ஒரு மணி நேரத்தில் காட்டி முடிக்க முடியாது. எந்தக் கணுவில் வெட்டுவது, வெட்டிய பிறகு என்ன மருந்து, கொடியை எப்படிப் படரவிடுவது என்று கூடவே இருந்து பார்த்தால்தான் கைக்கு வரும். ஆனைமலையான்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்கத் தெரிந்த தோட்டக்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வருகிறவர்களைத் தங்கவைக்க மட்டும் கம்பம் லாட்ஜுக்கு அனுப்புகிறோம்.

இனி கட்டடத்துக்கு வருவோம். வெளியே இருந்து பார்த்தால் 'இது தேறாது' என்றுதான் தோன்றும். எங்கள் கூட்டத்துக் கொத்தனார் உள்ளே போய், சுவரைக் கை முட்டியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். இடுப்பளவுக்குக் கீழே தட்டின இடமெல்லாம் டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம். ஓர் இடத்தில் கரண்டியின் நுனியை விட்டு நெம்பினதும் தட்டு அகலத்துக்குச் சிமெண்டுப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பின்னால் இருந்த சுண்ணாம்புக் காரை ஈர மாவு மாதிரி உதிர்ந்தது. நாலடிக்கு மேலே, சிமெண்டு படாத இடத்தில், அதே காரை கல்லாக நிற்கிறது. ஆணி இறங்க மறுக்கிறது.

இடையில் யாரோ சுவர் பொரிகிறதே என்று அக்கறையோடு சிமெண்டு பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். தரையிலிருந்து ஏறுகிற ஓதம் அதன் வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். மேலே சிமெண்டைப் பூசி அடைத்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, காரையைத் தின்கிறது. நம் பக்கத்தில் 'பழசாகிப் போச்சு' என்று சொல்லி இடித்த எத்தனையோ கட்டடங்களுக்கு உண்மையில் வந்த வியாதி இதுதான் என்று எங்களுக்குச் சந்தேகம்.

வைத்தியம் ஒன்றும் மர்மமானது இல்லை. சிமெண்டைப் பெயர்த்து எடுத்து, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டும். சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயை உடைத்து வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து, புளித்த அந்தத் தண்ணீரை ஊற்றிக் குழைக்க வேண்டும். மெல்லிசாகப் பூசி, ஒரு பூச்சு இறுகின பிறகே அடுத்தது. அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. காரைக்குடிப் பக்கம் இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரைக் கூட்டிவந்தால் நம் ஊர்ப் பையன்கள் நாலு பேர் கூட நின்று தொழிலையும் கற்றுக்கொள்வார்கள். மேலே தளத்தில் இரண்டு உத்தரம் கரையானுக்குப் போய்விட்டது, மற்றவை தேறும். பூச்சு முடிந்ததும் பளபளப்புப் பெயிண்டு அடித்துத் தரலாம் என்று யாராவது முன்வந்தால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளையடித்தால் போதும்.

சுவரைப் பழையபடி ஆக்கலாம். ஆனால் மடம், சத்திரம் என்று நாம் பெருமையாகப் பேசுகிற எல்லாவற்றையும் பழையபடி ஆக்க வேண்டும் என்று எங்களுக்கு ஆசை இல்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம், ஒரத்தநாட்டில் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் எல்லாம் பெரிய தர்மங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் சத்திரம் என்றாலே இன்னாருக்கு இந்த அறை, இன்னாருக்குத் தனிச் சமையல், இன்னாருக்கு வாசலோடு சரி என்று பிரித்து வைத்த வழக்கமும் கூடவே இருந்தது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தை நினைத்துப் பாருங்கள். தேசத்துக்குத் தொண்டு செய்யும் பிள்ளைகளை உருவாக்கத்தான் 1922-இல் அதைத் தொடங்கினார், காங்கிரஸும் பணம் கொடுத்தது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்கிற ஒரு விஷயத்தில் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள், நாடே இரண்டுபட்டது. 1925-இல் ஐயரும் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் இறந்துவிட, குருகுலம் நிலைக்கவில்லை. நல்ல நோக்கம், நல்ல இடம், நல்ல மனிதர் எல்லாம் இருந்தும் பந்தியில் போய் உடைந்தது.

அதனால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இந்த மடத்தில் ஓர் அடுப்பு, ஒரு பந்தி, ஒரு தண்ணீர்ப் பானை. தெருவைக் கேட்டு அறை கொடுப்பது இருக்காது. சமைக்கிறவர் யார் என்று பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இது தோதான இடம் இல்லை. 'இதை இப்போதே சொல்லி ஏன் நாலு பேர் நன்கொடையைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்' என்று எங்களுக்கு வேண்டியவர்களே கேட்டார்கள். அந்த நன்கொடை வராமல் இருப்பதே நல்லது.

பழைய கட்டடத்தை இளைஞர்களுக்குத் திறந்துவிடுவது உலகத்தில் புதுசு இல்லை. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்றொரு பள்ளி வாத்தியார் இருந்தார். பிள்ளைகளை நடைப்பயணம் கூட்டிப்போனபோது இடி மழையில் மாட்டிக்கொண்டு, ராத்திரி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்க வேண்டி வந்தது. விடுமுறையில் பூட்டிக் கிடக்கிற இடங்களில் பிள்ளைகளைத் தங்கவைத்தால் என்ன என்று அன்றைக்கு யோசித்தவர், 1912-இல் ஆல்டேனா என்கிற ஊரின் பழைய கோட்டையில் இளைஞர் விடுதியைத் திறந்தார். உலகமெங்கும் யூத் ஹாஸ்டல்கள் வந்தது அதற்குப் பிறகுதான். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். டி.கல்லுப்பட்டியில் 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமமும், சின்னாளப்பட்டிப் பக்கத்தில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமமும் பிள்ளைகள் தங்கி, உழைத்து, படித்த இடங்கள். பக்கத்துக் காமயகவுண்டன்பட்டியில் காந்திக்குக் கோயிலே கட்டியிருக்கிறார்கள். நாங்கள் கேட்பது அதைவிடச் சின்ன சமாசாரம்.

பயங்களும் இருக்கின்றன, நியாயமானவை. 'ராத்திரி பிள்ளைகள் தங்கினால் யார் பொறுப்பு?' பெண்களும் சிறுவர்களும் தங்குகிற இடத்துக்கு 2014-ஆம் வருஷத்து விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதன்படி பதிவும் உரிமமும் வாங்காமல் ஒருவரையும் தங்கவைக்கப் போவதில்லை. பெண்கள் பகுதிக்குத் தனி வாசல், கதவுக்கு உள்தாழ்ப்பாள், கட்டடத்தை விட்டு வெளியே போகத் தேவையில்லாத கழிப்பறை. முதல் செலவே இதற்குத்தான், மற்றதெல்லாம் பிறகு. சமையல்கட்டுக்குக் கூரை வேய விடமாட்டோம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் போனதற்குப் பிறகும் கீற்றுக் கொட்டகையில் அடுப்பு மூட்டுகிறவர்களை என்ன சொல்வது?

காட்டுப் பக்கத்து ஊர் என்பதையும் மறக்கவில்லை. 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் யானை கம்பத்துக்குள் புகுந்து, இந்தப் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களையும் இந்த மாவட்டம் தூக்கிச் சுமந்தது. மடத்தில் தங்குகிறவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் மலை ஏறக் கூடாது. இருட்டின பிறகு அருவிப் பாதைக்கும் போகக் கூடாது. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவி கொடுப்போம்.

பணத்துக்கு வருகிறோம். அரசின் நமக்கு நாமே திட்டத்தில் ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். அதற்குக் கிராம சபைத் தீர்மானம் வேண்டும், மதிப்பீடு வேண்டும், இடம் ஊர்ப் பொது என்பதற்குக் காகிதம் வேண்டும். காகிதம் தேடுகிற வேலை நடக்கிறது. பழைய ரசீது, வரி கட்டின சீட்டு, மடம் கட்டினபோது எழுதின ஓலையோ பத்திரமோ உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தால் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுங்கள். அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு யாரும் எங்கள் கையில் ரூபாயாகத் தர வேண்டாம். ஊராட்சி சொல்கிற கணக்கில், ரசீது வாங்கிக்கொண்டு கட்டுங்கள். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது நன்கொடை நோட்டோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பணம் இல்லாதவர்களிடம் கேட்பதற்கும் நிறைய இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சாமான்களை வெளியே எடுத்துப்போட உதவலாம். உள்ளே தன் சாக்கையும் கம்பியையும் போட்டு வைத்திருப்பவர்கள் கோபிக்காமல் எடுத்துக்கொண்டு போகலாம், அதுவே பாதி வேலை. பழைய வீடு பிரிக்கிறவர்கள் நல்ல தேக்கு உத்தரம் இருந்தால் கடைக்குப் போடும் முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகளில் சிவில் படித்தவர்கள், மின்வேலை தெரிந்தவர்கள் லீவுக்கு வரும்போது ரெண்டு நாள் ஒதுக்குங்கள். திறந்த பிறகு மடத்தை நடத்துகிற குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குப் பெயர் கொடுக்க அக்காமார் முன்வர வேண்டும், அண்ணன்மார் வீட்டில் தடுக்காமல் இருக்க வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைக்கிறோம். எதிர்த்துப் பேச நினைக்கிறவர்களும் அவசியம் வாருங்கள். டீக்கடையில் பேசுவதை அங்கே வந்து பேசினால் பதில் சொல்லவும் திருத்திக்கொள்ளவும் எங்களுக்கு வசதி. அதற்கு முந்தின ஞாயிறு காலை மடத்தின் பூட்டைத் திறந்து வைத்திருப்போம். மதிப்பீடு போடுகிற கொத்தனாரும் இருப்பார். உள்ளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, உங்கள் சந்தேகத்தை அவரிடமே கேளுங்கள். குடிதண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை, தண்ணீர் பாட்டில் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மடம் மீட்பில் சேர்ந்திருக்கும் சுருளிப்பட்டி ஊர்க்காரர்கள்