நானே போட்ட சிவப்பு மை



அலங்காரமாக எழுதியவர்களுக்கெல்லாம் அந்தக் காலத்தில் கூடுதல் மதிப்பெண் போட்டேன். அது தப்பு என்று இப்போதுதான் புரிகிறது.

அம்மாவைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். ஒரு மாதம் பீரோவில் ஆறப்போட்டு, பிறகு வாய்விட்டுப் படித்தேன். மூச்சு முட்டிய இடங்களில் வாக்கியத்தை இரண்டாக்கினேன். 'மிகுந்த துயரத்துடன் கண்ணீர் மல்க அழுதாள்' என்றிருந்தது. அதை அடித்துவிட்டு, 'அடுப்பை ஊதிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்' என்று எழுதினேன். கடைசிப் பத்தி முழுக்க நீதி. வாத்தியார் புத்தி! அதையும் எடுத்தேன்.

தங்கை படித்துவிட்டு, "அண்ணா, அம்மா அப்படியேதான்" என்றாள். அப்புறம் பேசவில்லை.

கதை எழுதும் பிள்ளைகளே, எழுதிய சூட்டில் அனுப்பாதீர்கள். ஆறப்போடுங்கள், உரக்கப் படியுங்கள், நீங்களே சிவப்பு மை போடுங்கள். பிறகு எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.