மூக்கை நம்பித் தூங்காதீங்க!

"காஸ் லீக் ஆனா நாத்தம் வராதா என்ன? வந்தா பாத்துக்கலாம்!"

'ராத்திரி படுக்கும் முன்னாடி ரெகுலேட்டரை மூடுறீங்களா?' என்று யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வருகிறது. நீங்களும் இப்படிச் சொல்கிறவர்தானா? அப்படியானால் என் பெரியம்மா வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் கேளுங்கள்.

பெரியம்மாவுக்கு 72 வயது. ஒருநாள் காலை, பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குத் துணி உலர்த்தப் போய்விட்டார். பால் பொங்கி, அடுப்பு அணைந்துவிட்டது. காஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. கீழே வந்தவர், 'அட, அணைஞ்சு போச்சே' என்று தீப்பெட்டியைத் தேடியிருக்கிறார்! நல்லவேளை... கடைக்குப் போயிருந்த மருமகள் அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அத்தே, பத்த வைக்காதீங்க!" என்று அலறிக்கொண்டே ஓடி வந்தார். பிழைத்தார்கள்.

வாசல்வரை வீசிய நாற்றம், அடுப்படியில் நின்றவருக்குத் தெரியவே இல்லை. "எனக்கு ஒண்ணும் வரலியேம்மா" என்றாராம் பெரியம்மா.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வயதானால் கண் மங்குவது மாதிரி மூக்கும் மங்கும். ஜலதோஷம் பிடித்தால் கேட்கவே வேண்டாம். 2020, 2021-ல் கொரோனா வந்து போனவர்களில் சிலருக்கு மோப்ப சக்தி முழுசாகத் திரும்பவே இல்லை. மூக்கு நன்றாக இருந்தாலும், ஒரே நாற்றத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் அது பழகிப்போய்விடும். தூக்கத்திலோ, மூக்கும் சேர்ந்து தூங்கிவிடுகிறது.

இன்னொரு விஷயம். சமையல் காஸுக்குச் சொந்தமாக வாசனையே கிடையாது! கசிந்தால் தெரிய வேண்டுமே என்பதற்காக 'மெர்காப்டன்' என்கிற ரசாயனத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அதாவது, அந்த நாற்றம் ஓர் எச்சரிக்கை மணி. மணி அடிக்கும், கதவைப் பூட்டாது. பூட்டு, ரெகுலேட்டர்தான்!

இந்த காஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல், தண்ணீர் மாதிரி தரையோடு பரவும். உயரத்தில் உள்ள ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. அறைக் காற்றில் நூற்றுக்கு 2 பங்கு சேர்ந்தாலே போதும், ஒரு சின்னப் பொறியில் பற்றிக்கொள்ளும். 'அழகா இருக்கே' என்று சிலிண்டரை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள், அந்த அலமாரியின் அடியில் காற்று போக வழி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ட்யூபை எத்தனை பேர் கவனிக்கிறோம்? நல்ல ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' ட்யூபையும் 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். எலி கடித்திருக்கலாம், மடங்கி வெடித்திருக்கலாம். அழுக்காகாமல் இருக்கட்டும் என்று அதன்மேல் துணி சுற்றாதீர்கள். வெடிப்பு தெரியாமல் போகும். சந்தேகமாக இருந்தால் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்!

சரி, நாற்றம் வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. 'காஸ் வெளியே போகட்டும்' என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறார்களே, அதுதான் ஆபத்து. சுவிட்சில் வரும் பொறி போதும். பூஜை விளக்கு, ஊதுபத்தி எரிந்தால் அணைத்துவிடுங்கள். அடுப்பின் திருகையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட்டு, குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகுதான் போன். 1906 என்ற எண்ணை 24 மணி நேரமும் கூப்பிடலாம். சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

மீறி யார்மீதாவது தீக்காயம் பட்டுவிட்டால், மாவு, இங்க், பற்பசை எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின்மேல் ஓடவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி, உடனே ஆஸ்பத்திரி.

கடைசியாக, வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. விபத்து நடந்தால் 'அவ கவனமா இல்ல' என்று பழியைப் பெண்கள் தலையில் போடுகிறோமே... காபி குடிப்பது எல்லோரும். காஸை மூடுவது மட்டும் அவள் ஒருத்தியா? ரெகுலேட்டர் எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் பிள்ளைக்கு? வேலைக்கு வரும் அம்மாவுக்கு? தெரியாவிட்டால் இன்று சாயங்காலமே கற்றுக்கொள்ளுங்கள், கற்றுக்கொடுங்கள்.

இனிமேல் கடைசியாகப் படுக்கப் போகிறவர் யாரோ, அவர்தான் ரெகுலேட்டரை மூட வேண்டும் என்று வீட்டில் சட்டம் போடுங்கள். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறக்கிறோமா என்ன? அதே மாதிரிதான் இதுவும்!