இறங்கும் வழி



மலையேறுவதற்கு வலிமை வேண்டும். இறங்குவதற்கோ அறிவு வேண்டும். என் ஐம்பதாம் வயதிற்குப் பின்னரே இதனைக் கற்றுக்கொண்டேன்.

2018ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றின் விருந்தினனாக இருந்தேன். அம்மாநிலத்தின் மேற்கெல்லையில் டெலவேர் ஆறு மலைத்தொடரை ஊடறுத்துச் செல்கின்றது. இக்கரையில் டாமனி மலை. அக்கரையில், பென்சில்வேனியா மாநிலத்தில், மின்சி மலை. லெனாப்பே பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய டாமனி மலை 1,500 அடிக்குச் சற்று மிகுந்த உயரமுடையது.

மரங்களில் தீட்டப்பட்ட சிவப்புக் குறிகளைப் பின்பற்றி ஏறி, நீலக் குறிகளைப் பின்பற்றி இறங்கினால், புறப்பட்ட இடத்தையே வந்தடையலாம். சுற்றுவழி ஏறத்தாழ 3.5 மைல். சிவப்புப் பாதை குறுகிய தொலைவே. ஆயினும் செங்குத்தானது, பாறைகள் நிறைந்தது. சில இடங்களில் கையூன்றியே ஏறினேன். உச்சிக்கருகே பாறை விளிம்பில் அமர்ந்தபோது, இரு மலைகளுக்கிடையே ஆறு வளைந்தோடும் காட்சி களைப்பையெல்லாம் போக்கியது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. "வந்த வழியே இறங்குவோம், அதுதானே குறுக்குவழி" என்றேன். உடன்வந்த அவ்வீட்டு மகன் தயங்கினான். "ஏறும்போது பாறை கண்முன்னே இருந்தது, ஃபாதர். இறங்கும்போது காலடி தெரியாது" என்றான். நான் கேளாமல் நாலைந்து அடி இறங்கினேன். சிறுகல் ஒன்று உருண்டது, முழங்கால் மடிந்தது. அவன் கை என் தோளைப் பற்றியிராவிட்டால் இக்கட்டுரையை நான் எழுதியிருக்கமாட்டேன்.

பின்னர் நீலப் பாதையைப் பிடித்தோம். அதிலும் கற்கள் உண்டு. ஆனால் சரிவு குறைவு. இறுதியில் டன்ஃபீல்டு ஓடையின் சலசலப்பு எங்களுக்குத் துணைவந்தது. நேரம் கூடுதலாயிற்று, எனினும் நலமாக வந்து சேர்ந்தோம்.

அன்றிரவு அவன் சொன்னதை எண்ணிப் பார்த்தேன். "உங்களுக்கு வயதாகிவிட்டது" என்று அவன் சொல்லவில்லை. பாறையைப் பற்றியே பேசினான். நம் இல்லங்களில் முதியோரிடம் வண்டிச் சாவியையோ கடைப் பொறுப்பையோ கேட்கும் இளையோர், இவ்வண்ணம் கேட்கலாகாதா? முதியோராகிய நாமும், ஏறிவந்த வலிமையையே நினைத்துக்கொண்டிராமல், நீட்டிய கையை முதலிலேயே பற்றிக்கொள்ளலாகாதா?